மாகும்பியின் நெஞ்சில் உட்கார்ந்தது யார்

மாகும்பியின் கட்டிலை மூன்றாவது தடவையாக உயர்த்திய அன்று, அதில் ஏறிப் படுக்க ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட வேண்டியதாயிற்று. கால் ஒன்றுக்கு நாலு செங்கல். துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்த மகன் வேலாபி, கண்ணில் தூக்கம் சொருக, கட்டிலின் ஒரு மூலையைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டு மாபியேலா குனிந்து செங்கல்லை உள்ளே தள்ளினாள். மருமகள் சிமங்கேலே கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாருடைய படுக்கையைப் புது மருமகள் தொடக்கூடாது. அந்த அறைக்குள் கால் வைப்பதுகூடக் கூப்பிட்டால்தான்.

"இன்னும் ஒரு அடுக்கு வச்சா அம்மாவுக்குக் கூரைல மூக்கு இடிக்கும்," என்றான் வேலாபி.

"இடிச்சா இடிச்சுட்டுப் போவட்டும். மூக்கு முக்கியமா மூச்சு முக்கியமா?" என்றாள் மாபியேலா. "ரெண்டு செங்கல்லு பத்தும்னுதான் எங்க சித்தப்பாவும் இருந்தாரு. தொக்கொலோஷி எகிறிக் குதிச்சுதுன்னா?"

"உங்க சித்தப்பாவை அமுக்குனது தொக்கொலோஷி இல்லடி, சாராயம்," என்றாள் மாகும்பி.

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். நெஞ்சுக்குள் விசில் ஊதியது. சிமங்கேலே ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்து, வாசற்படியில் நின்றபடியே கையை நீட்டினாள். வேலாபிதான் வாங்கிக் கொடுத்தான்.

துறைமுக நகரத்தை ஒட்டிய எங்கள் உம்லாசியில் செங்கல் ஏறாத கட்டில் ஏது? தொக்கொலோஷி முழங்கால் உயரக் குட்டிப் பேய். தூங்குகிறவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மூச்சை நெரிப்பதுதான் அதற்குத் தொழில். கட்டையன் என்பதால் உயரக் கட்டிலில் ஏற மாட்டான் என்று எல்லாரும் நம்பினார்கள். நம்பாதவர்களும் செங்கல் வைத்தார்கள், அடியில் பெட்டி தள்ள இடம் கிடைக்கிறதே. மாகும்பி இரண்டாவது ரகம். அவளுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது.

"தொக்கொலோஷியாவது மண்ணாவது. அது பெங்கு," என்பாள்.

பெங்கு என்றால் அவளுடைய புருஷன். செத்து ஆறு வருஷம் ஆகிறது. கப்பல் சாமான் இறக்கிய ஆள். மூட்டைக்குச் சமமான உடம்பு.

"விடியக்காலம் வந்து நெஞ்சு மேல உக்காந்துக்கறாரு. உசுரோட இருந்தப்பவும் அப்படித்தான், கையத் தூக்கி மேல போட்டாருன்னா அந்தப் பக்கம் திரும்ப முடியாது. அந்தக் கனம் எனக்குத் தெரியாதா? ஏதோ கேக்க வர்றாரு. என்னன்னுதான் சொல்ல மாட்டேங்கறாரு."

"செத்தவரு வந்தா கனவுல வந்து பேசிட்டுப் போவாரு. இப்படி விசில் அடிப்பாரா?" என்றாள் மாபியேலா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் தெருமுனைக் கடை வரை கேட்கும் குரல் அது. "எப்ப ஆரம்பிச்சுது? யோசிச்சுப் பாரு. அஞ்சு மாசம். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி இந்த வீட்டுக்குள்ள புதுசா என்ன வந்துச்சு?"

வெளியே நின்ற சிமங்கேலே தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அஞ்சு மாசத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்குள் வந்தது அவள்தான்.

அவள் வந்த நாள் ஊருக்கே நல்ல வேடிக்கை. எங்கள் வழக்கத்தில் கல்யாணப் பெண் புகுந்த வீட்டார் ஒவ்வொருவருக்கும் கம்பளி போர்த்த வேண்டும். முற்றத்தில் பாய் விரித்து, வாங்குகிறவர் அதில் படுத்துத் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார். பெண் ஆடிக்கொண்டே வந்து போர்த்துவாள். செத்தவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் பேரில் இருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். மாகும்பி இரண்டு தடவை படுத்தாள். முதல் தடவை தன் பங்குக்கு. இரண்டாவது தடவை பெங்கு பங்குக்கு. அதற்கு வந்தது புலி போட்ட கம்பளி. நல்ல புசுபுசுவென்று, இரட்டைக் கட்டில் அகலத்துக்கு, வாயைப் பிளந்த புலி. போர்த்தியதும் மாகும்பி பாயிலேயே அழுதுவிட்டாள். பிறகு எழுந்து அந்தப் புலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடியதை ஊரே போனில் படம் பிடித்தது.

மொத்தம் பதினாலு கம்பளி. சிமங்கேலேயின் அம்மா கடலோரத்தில் ஒரு பங்களாவில் வேலை செய்கிறவள். மகளுக்குப் பதிமூன்று வயதானதிலிருந்து வருஷம் ஒன்றோ இரண்டோ வாங்கி, பங்களாவுக்குப் பின்னாலிருந்த தன் ஒற்றை அறையில் மரப்பெட்டிக்குள் அடுக்கி வந்தாள். "மத்த பொண்ணுங்க கைய வீசிட்டுப் போவாளுங்க. நீ பெட்டியோட போவே," என்று சொல்லிக்கொண்டே பதினோரு வருஷம் அடுக்கினாள். அந்தப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்க நாலு ஆம்பிளை வேண்டியிருந்தது என்பதில் சிமங்கேலேக்கு இன்றைக்கும் பெருமை.

உறவுக்காரர்கள் தங்கள் பங்கை எடுத்துப் போனதுபோக ஒன்பது கம்பளி வீட்டில் தங்கிவிட்டது. ஏழு கட்டிலுக்கு அடியில். தன்னுடையதும் பெங்குவுடையதும் மாகும்பியின் மேல். வெயில் மண்டையைப் பிளந்தாலும் காலடியிலாவது அந்தப் புலி கிடக்க வேண்டும் அவளுக்கு.

சிமங்கேலே கடற்கரை ஓட்டல் ஒன்றில் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் ஓட்டல் வேன் நிற்கும். அறைக்கதவு அளவுக்கு வாய் உள்ள மெஷின்களில் விரிப்புகளைத் திணிப்பதும், கொதிக்கக் கொதிக்க எடுப்பதும், இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்து மடிப்பதும் வேலை. நாளெல்லாம் ஆவியில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் படுத்தால் அடித்துப்போட்டது போல் தூக்கம் வரவேண்டும். வரும். ஆனால் விடியற்காலை நாலரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் விசில் ஆரம்பித்ததும் பட்டென்று போய்விடும். எழுந்து வெந்நீர் வைத்துக்கொண்டு மாமியாரின் கதவருகில் நிற்பாள். வேலாபி துறைமுகத்தில் இருப்பான். கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம். மூச்சு முட்டுகிறவள் எப்படிக் கூப்பிடுவாள்?

அந்த மரக்கதவுக்கு வெளியே நிற்கும் பத்து நிமிஷத்தில் சிமங்கேலே எத்தனை தடவை செத்துப் பிழைத்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். மாமியார் என்ற பயம் இல்லை. அந்தப் பொம்பளையை அவளுக்கு நிஜமாகவே பிடித்துப்போயிருந்தது. வந்த மறுவாரம் சோளக்களி அடியில் பிடித்துவிட்டபோது, "கரிச்சட்டி சுரண்டுனாத்தான் ருசி, எடு கரண்டிய," என்று சொல்லி மருமகளோடு உட்கார்ந்து சட்டியைச் சுரண்டித் தின்றவள்.

கட்டிலுக்கு நாலாவது செங்கல் வைத்தும் இளைப்பு நிற்கவில்லை. மழைக்காலம் வேறு. சுவரெல்லாம் வேர்த்து, துவைத்த துணி மூன்று நாள் காயாமல் நாறியது. மாகும்பியின் தங்கை ஒருத்தி வடக்கே மேட்டு நிலத்தில், மாடு மேய்க்கிற ஊரில் இருந்தாள். "காத்து மாறுனா சரியாப் போயிடும்," என்று வந்து கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் இடம் அடைக்கும் என்று புலி வீட்டிலேயே தங்கியது. பத்து நாள் கழித்துத் திரும்பி வந்த மாகும்பி பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கினாள்.

"ஒரு நாள்கூட இளைக்கலை. கோரைப்பாய்ல படுத்தேன், மொட்டைத் தரை. தூங்குனேன் பாரு தூக்கம்! ஆனா அந்த மனுஷன் ஒரு நாளாவது எட்டிப் பாக்கணுமே? அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல்."

மறுநாள் காலை நாலரைக்கு விசில்.

இது போதாதா மாபியேலாவுக்கு? வாசலில் சேப்பங்கிழங்கை வேகவைத்து உரித்துக்கொண்டிருந்த மாகும்பிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒரு கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மருமக இல்லாத எடத்துல மூச்சு வருது. இருக்கற எடத்துல மூச்சு நிக்குது. இதுக்கு மேல நான் என்னத்த சொல்ல?"

"சொல்லாம இரு. கிழங்கத் தின்னு."

"நான் சொல்லலைன்னா உன் நாத்தனா சொல்லுவா. வர்ற ஞாயித்துக்கெழமை வர்றாளாமே?"

அது உண்மை. பெங்குவின் மூத்த அக்கா போன் செய்திருந்தாள். குடும்பத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். பெண்ணோடு ஏதோ வந்திருக்கிறது, பெண்ணைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும், அங்கே சுத்தம் செய்து, ஆடு அறுத்து, பிறகு பார்த்து அழைத்துக்கொள்ளலாம் என்றாளாம். 'பிறகு' என்ற சொல் எத்தனை மாசம், எத்தனை வருஷம் என்று யாரும் சொல்வதில்லை. அப்படிப் போய்த் திரும்பாத இரண்டு பேரைச் சிமங்கேலேக்கே தெரியும்.

அன்று இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வேலாபியிடம், "நாளைக்கு நான் அம்மாவை கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

"போன தடவை போயி இருமல் மருந்துதானே குடுத்தாங்க?"

"போன தடவை அம்மா 'குளிர் பட்டுடுச்சு'ன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டாங்க. இந்தத் தடவை நான் பேசறேன்."

வேலாபி பூட்ஸ் நாடாவைக் கட்டியபடி சிரித்தான். "நீயா? எங்கம்மா எதிர்ல?"

"ஞாயித்துக்கெழமை என் பெட்டியத் தூக்கறதுக்கு நாலு ஆம்பிளையத் தேடறதவிட இது லேசு," என்றாள். அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

கிளினிக்கில் நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நர்ஸ் அறுபதை நெருங்கியவள். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. மாகும்பியின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டாள். ஒரு பைப்பில் ஊதச் சொன்னாள். பிறகு கேள்வியாகக் கேட்டாள். எந்நேரம் வருகிறது, எங்கே படுக்கிறாய், எங்கே போனால் நிற்கிறது. மாகும்பி மேட்டு நிலத்துக் கோரைப்பாயைப் பற்றிச் சொன்னதும் நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"படுக்கையில ஒரு பூச்சி இருக்கும்மா. தூசிப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாது."

மாகும்பி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கண்ணுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"கட்டில்ல ஏறிக்குமா?"

"ஏறுறது என்ன, அங்கயேதான் குடியிருக்கும்."

"ஆளு படுத்ததும் மூச்சப் புடிக்குமா?"

"உங்க மாதிரி ஒத்துக்காதவங்களுக்குப் புடிக்கும்."

மாகும்பி மருமகள் பக்கம் திரும்பினாள். "அந்த மாபியேலா சொன்னது சரியாப் போச்சேடி!"

நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. அவளும் இந்த ஊர்க்காரிதானே. "தொக்கொலோஷியா? எத்தனை செங்கல்லு?"

"நாலு."

"இதுக்குச் செங்கல் உதவாது. இதுக்கு எட்டுக் காலு."

"எட்டா!"

"நம்ம உடம்புலேர்ந்து உதிர்ற தோல் தூள்தான் அதுக்குச் சாப்பாடு. தின்னுட்டு அங்கயே வெளிக்கிருக்கும். அதுதான் காத்துல கலந்து உங்க மூக்குக்குள்ள போவுது."

மாகும்பி மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அறுபத்திரெண்டு வயசுல," என்றாள் மெதுவாக, "பூச்சிப் பீய மோந்துட்டா படுத்திருக்கேன்?"

சிமங்கேலே தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் பொத்தவில்லை, வாய்விட்டே சிரித்தாள். சிரித்து முடித்து, வாயில் வைத்து அடிக்கும் பம்பு இரண்டைக் கொடுத்தாள். ஒன்று தினமும் அடிக்க வேண்டும், இளைப்பு இல்லாவிட்டாலும். மற்றது மூச்சு முட்டும்போது. படுக்கை விரிப்பு, போர்வை எல்லாம் வாரா வாரம் கை பொறுக்காத சூட்டில் வேகணும். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறை. தரையைப் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. புகை போடாதே. ஜன்னலைத் திற.

"பழைய கம்பளி எதுவும் வீட்டுக்கு வந்துச்சா?" என்று கடைசியாகக் கேட்டாள். "பெட்டியில வருஷக்கணக்கா கெடந்தது? கடல் காத்து ஈரத்துல மூடி வச்சா, அதுங்களுக்கு அதுதான் சொர்க்கம்."

மாகும்பி வாயைத் திறந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள். "ஞாபகமில்லீங்க," என்று சொல்லிவிட்டாள்.

திரும்பி வருகிற டாக்ஸி வேனில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. பதினாறு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சிமங்கேலே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பூச்சிக்காக அழவில்லை. அம்மா ஒவ்வொரு டிசம்பரும் கடையிலிருந்து கம்பளியைத் தோளில் சுமந்துகொண்டு அந்த ஒற்றை அறைக்கு வருவாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறப்பாள். அந்தப் பெட்டியைப் போய் இப்படிச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்றுதான் அழுதாள். மாகும்பி பக்கத்திலிருந்து பார்த்தும் பார்க்காததுபோல் ஒரு பொரித்த பணியாரத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

வீட்டு வாசலில் மாபியேலா தயாராக நின்றாள். "என்னடி சொன்னாங்க?"

"ஏதோ பூச்சியாம். மருந்து குடுத்திருக்காங்க," என்றாள் மாகும்பி. "போ, போயி உன் அடுப்பப் பாரு."

"என்ன பூச்சி? எங்கேர்ந்து வந்துச்சாம்?"

"அதெல்லாம் கேக்கலை."

எனக்குத் தெரிந்து மாகும்பி அடுத்தவருக்காகப் பொய் சொன்னது அந்த வருஷத்தில் அந்த இரண்டு தடவைதான். இரண்டும் ஒரே நாளில், ஒரே ஆளுக்காக. அது சிமங்கேலேக்கும் விளங்கியது. விளங்கியதும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான்தான் கொண்டுவந்தேன் பெரியம்மா," என்றாள்.

மாபியேலாவின் வாய் திறந்தபடி நின்றது.

"நீங்க சொன்னது சரி. என் பெட்டியிலதான் வந்துச்சு. கம்பளியில. பதினோரு வருஷமா ஈரத்துல கெடந்த கம்பளி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. ரெண்டு கம்பளி அம்மா மேல கெடக்கு, ஏழு கட்டிலுக்கு அடியில கெடக்கு. எல்லாம் என் கையால போத்துனது."

அஞ்சு மாசமாக ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தவளுக்கு, அது உண்மை என்று எதிராளியே ஒப்புக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் போய்விடுகிறது. மாபியேலா தலையைச் சொறிந்தாள். "சரி... பூச்சிதானே," என்றாள். "பூச்சி எல்லா வீட்டுலயும்தான் இருக்கும்."

"அதனால நான்தான் வெளியேத்தணும் அம்மா," என்று சிமங்கேலே மாமியாரைப் பார்த்தாள். "உங்க கட்டிலை நான் தொடணும். நாளைக்கு சனிக்கிழமை, எனக்கு லீவு."

மாகும்பி தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "மருமக கை என் படுக்கையில படக்கூடாது. என் மாமியா படுக்கைய அவ சாகிற வரைக்கும் நான் தொட்டதில்ல."

"தெரியும்மா. ஆனா ஆட்டைக் கொல்லைக்குள்ள வுட்டவதானே ஓட்டணும்? பக்கத்து வீட்டுக்காரி வந்து ஓட்டுவாளா?"

"நான் ஏன் ஓட்டறேன்?" என்றாள் மாபியேலா அவசரமாக.

மாகும்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அடக்கினாள். "ஏழையும் எடு. என்னுதையும் எடு. கொதிக்க வை, பொசுக்கு, என்ன வேணா பண்ணு. ஆனா பெங்குவோடத தொடாத. அது எனக்குக் குடுத்தது இல்ல. அவருக்குக் குடுத்தது."

"அதுதான்மா உங்க மூஞ்சிக்குப் பக்கத்துல கெடக்குது."

"தெரியுது. அதனாலதான் வர்றாரு."

சிமங்கேலே உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அவரையும் கீரையும் வெந்தது. தின்றுவிட்டு வேலாபி ஷிப்டுக்குக் கிளம்பினான். மறுநாள் காலை நாலரைக்கு விசில் வந்தபோது, புதுப் பம்பு இரண்டு அடி அடித்ததில் அது கொஞ்சம் தணிந்தது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மாகும்பியின் குரல் கேட்டது.

"வெளியில நிக்கிறியா?"

"நிக்கிறேன்மா."

"தினமும் நிக்கிறியா?"

"தினமும்தான்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "எத்தனை மணிக்குத் தண்ணி காயப் போடுவே?" என்று கேட்டாள் மாகும்பி. "அவருக்கு நான் சொல்லிட்டுத்தான் செய்யணும். திடுதிப்புன்னு கொதிக்கற தண்ணியில போட்டா எந்த மனுஷனுக்குத்தான் கோவம் வராது?"

அதுவரை பெய்த மழை கோபித்துக்கொண்டு போய்விட்டது போல அன்று வெயில் அடித்தது. கல்யாணத்துக்குச் சாராயம் காய்ச்சிய பெரிய தகர டிரம்மை வேலாபி உருட்டி வந்து கல்லின் மேல் வைத்தான். மூன்று வீட்டு விறகு. சிமங்கேலே தலைத்துணியை இறுக்கிக் கட்டி, மூக்கிலும் துணி சுற்றிக்கொண்டு மாமியாரின் அறைக்குள் நுழைந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஏழு கம்பளி, இரண்டு சூட்கேஸ், பெங்குவின் தொப்பி, மாகும்பி நாலு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த பல்செட்டு எல்லாம் வெளியே வந்தன.

"அது என் பல்லு இல்ல," என்றாள் மாகும்பி.

"பின்ன யாருதாம்?" என்று வேலாபி தூக்கிக் காட்ட, தெருவில் நின்ற எல்லாருக்கும் தெரிந்துவிட்டது அது அவளுடையதுதான் என்று.

முதலில் பெங்குவுக்குச் சொல்ல வேண்டும். முன்னோரிடம் பேசுவதென்றால் மூலிகைப் புகை போட்டுத்தான் பேசுவது. வீட்டுக்குள் புகை கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆகவே முற்றத்தின் மறுகோடியில், காற்று அந்தப் பக்கம் போகிற இடமாகப் பார்த்து வேலாபி புகை போட்டான். மாகும்பி இந்தக் கோடியில் புலிக் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு கத்தினாள்.

"பெங்கு! கேக்குதா? தூரத்துலேர்ந்து பேசறேன்னு நெனைக்காத, நர்ஸம்மா சொல்லியிருக்காங்க. உன் கம்பளிய வேக வைக்கப் போறோம். அதுல பூச்சி இருக்காம். நீ இருக்கறப்பவும் துவைக்கக் குடுக்க மாட்டே, உன் சட்டையப் புடுங்கித்தான் துவைப்பேன். இப்பவும் அதேதான். கோவம் வந்தா உன் மகன்கிட்டப் போயி உக்காரு, அவன் நெஞ்சு அகலமாத்தான் இருக்கு."

வேலாபி புகைக்குள்ளிருந்து, "என்னை ஏம்மா இழுக்கறே?" என்றான்.

பிறகு வேலை நடந்தது. இங்கே சிமங்கேலேதான் மேஸ்திரி. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை ஒரு கம்பளிகூட உள்ளே போகக்கூடாது என்றாள். ஒவ்வொன்றாக அமுக்கினாள். களி கிண்டுகிற பெரிய மரத் துடுப்பால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று புரட்டினார்கள். ஒருத்தி சிமங்கேலே, இன்னொருத்தி, வேடிக்கை பார்க்க வந்து நின்று, "இப்படியா கிண்டறது, தள்ளு," என்று துடுப்பைப் பிடுங்கிக்கொண்ட மாபியேலா. நனைந்த கம்பளி ஒன்றைத் தூக்குவது செத்த கன்றுக்குட்டியைத் தூக்குகிற கதை. முறுக்கிப் பிழிய நாலு கை வேண்டும். முதல் தண்ணீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் வந்தபோது மாபியேலா எட்டிப் பார்த்து, "ஐயோ, எத்தனை லட்சம் பேரு செத்தாங்களோ," என்றாள்.

புலிதான் கடைசி. கொதித்து வெளியே வந்தபோது அதன் புசுபுசுப்பு போய், மயிரெல்லாம் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு, பிளந்த வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வேலியில் விரித்ததும் எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். சிமங்கேலே ஓரத்தை இழுத்து நேராக்கப் பார்த்தாள்.

"பூனையாயிடுச்சே," என்றாள் மாபியேலா.

மாகும்பி கிட்டப் போய்த் தடவிப் பார்த்தாள். "இல்ல," என்றாள். "இப்பத்தான் பெங்கு மாதிரி இருக்கு. காலையில எழுந்திரிச்சா இதே மூஞ்சிதான்."

ஓட்டலில் ஓரம் கிழிந்து ஒதுக்கிய மெத்தை உறைகளை வேலைக்காரர்கள் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். சிமங்கேலே முந்தின வாரமே இரண்டு வாங்கி வைத்திருந்தாள், எதற்கென்று தெரியாமலே. தைத்து, மெத்தையை உள்ளே திணித்து ஜிப்பை இழுத்தாள். படுத்துப் பார்த்த மாகும்பி, "சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ள படுத்த மாதிரி சத்தம் போடுது," என்றாள். ஆனால் இறங்கவில்லை. கம்பளிகள் மூன்று நாள் வெயிலில் காய்ந்து, ஜிப் வைத்த பைகளில் கூடத்து அலமாரிக்குப் போயின. கட்டிலுக்கு அடியில் துடைப்பதற்கு மட்டும் இடம் விட்டார்கள்.

மூத்த நாத்தனாரின் போன் அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே வந்தது. மாகும்பி பேசியது தெருவுக்கே கேட்டது.

"வர வேணாம் அக்கா... ஆமா, கண்டுபுடிச்சாச்சு... ஆமா, மருமகதான் கொண்டுவந்தா. அவளே வெரட்டிட்டா... எத்தனையா? லட்சக்கணக்குல அக்கா. எட்டுக் காலு... வேகவச்சுட்டா... என்ன? உங்களுக்கும் விடியக்காலம் மூக்கு ஒழுகுதா? அன்னைக்கு வாங்கிட்டுப் போன கம்பளிய எங்க வச்சிருக்கீங்க?... அப்ப வாங்க. கம்பளிய எடுத்துட்டு வாங்க."

ஒரே நாளில் எதுவும் ஓடிவிடவில்லை. மறுநாளும் விசில் வந்தது, கொஞ்சம் மெலிசாக. சிமங்கேலே தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அந்த அறையை ஈரத்துணியால் துடைத்தாள். மாகும்பி பம்பு அடிக்க மறந்துவிட்டு, கேட்டால் அடித்துவிட்டேன் என்பாள். "எண்ணிப் பாக்கட்டுமா?" என்றால் சிறுபிள்ளைபோல் முழிப்பாள். இரண்டாவது வாரம் விசில் இரண்டு நாள் வந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள்.

நாலாவது வாரம் வியாழக்கிழமை. சிமங்கேலே பழக்கத்தில் நாலரைக்கு விழித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. விசில் இல்லை, இருமல் இல்லை, விசில் வராத நாளிலும் கேட்கிற மெத்தை உறைச் சரசரப்புகூட இல்லை. ஐந்து நிமிஷம் படுத்திருந்தாள். பிறகு வெந்நீர்கூட வைக்காமல் எழுந்து ஓடி, கூப்பிடாத அறைக்குள் நுழைந்து, மாமியாரின் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னடி அளக்கறே?" என்றாள் மாகும்பி கண்ணைத் திறக்காமல்.

சிமங்கேலே கையை இழுத்துக்கொண்டாள். "சத்தமே வரலைம்மா. பயந்துட்டேன்."

"இளைச்சாலும் பயப்படறே. இளைக்கலைன்னாலும் பயப்படறே. உன்னை வச்சுக்கிட்டு நான் எப்படித்தான் சாகறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு சிரிப்பாகவே முடிந்தது. பிறகு கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஜன்னலில் லேசாக வெளுப்புத் தட்டியிருந்தது.

"அவரு வர்றதில்ல," என்றாள். "நாலு நாளாச்சு."

சிமங்கேலே போர்வையை இழுத்து அவள் தோளை மூடினாள்.

"பூச்சின்னு எனக்குத் தெரியாதா? கிளினிக்லயே புரிஞ்சுபோச்சு. ஆனாலும் கனமா ஒண்ணு இருந்துச்சுல்ல. ஆறு வருஷம் ஒத்தையில படுத்துட்டு, நெஞ்சு மேல கனம்னு ஒண்ணு வந்தா, அது யாரா இருக்கும்னுதான் நெனைக்கத் தோணும்?" கண்ணோரத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள். "மூச்சு நல்லா இருக்கு. பஞ்சு மாதிரி இருக்கு. ஆனா நெஞ்சு வெறிச்சுன்னு கெடக்கு."

சிமங்கேலே போய் வெந்நீராவது வைக்கலாம் என்று திரும்பினாள்.

"எங்க போறே? உக்காரு."

"எங்கம்மா?"

"எங்கயா? பஸ் ஸ்டாண்டுலயா? இங்கதான்."

சிமங்கேலே கட்டிலின் ஓரத்தில், விழுந்துவிடுகிற மாதிரி, பாதி உடம்பை மட்டும் வைத்தாள்.

"அப்படி இல்ல. நல்லா உள்ள தள்ளி, கனமா உக்காரு. மெத்தை கொஞ்சம் அமுங்கட்டும்."

அவள் நகர்ந்து நன்றாக உட்கார்ந்தாள். மெத்தை அவள் பக்கமாகச் சரிந்தது. மாகும்பி அந்தச் சரிவிலேயே ஒருக்களித்து, முதுகை மருமகளின் இடுப்போடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. வெறும் குறட்டை.

தெருமுனையில் ஆறு மணி வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. சிமங்கேலே எழுந்திருக்கவில்லை.